இரண்டாவது சைக்கிள்

புதுச்சேரி
10 பிப்ரவரி 2026

மதிப்புக்குரிய ஜெனவியேவ் அவர்களுக்கு,

நோணாங்குப்பம் விபத்து வழக்கில் நேற்று, திங்கட்கிழமை, மாலை நாலேகாலுக்குக் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. இதைச் சொன்னவர் எங்கள் வக்கீல் பிரேம்குமார். இன்று காலை நகலை நானும் படித்தேன். ஒன்பது பக்கம். முதல் விசாரணை மார்ச் 24, செவ்வாய்க்கிழமை.

இறந்தவர் உங்கள் தகப்பனார் ஜெரார். குற்றம் சாட்டப்பட்டிருக்கும் ஷாரிக் என் மகன். என் பெயர் பாவா. முல்லா வீதியில் இருக்கிறேன். ஒரு மாலைத்தாளில் முப்பத்திநாலு வருடம் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மின்னஞ்சல் முகவரி உங்கள் தகப்பனாரின் முப்பதாம் நாள் பூசை அட்டையில் இருந்தது. அன்று கோவில் வாசல் வரை வந்தேன். உள்ளே வரவில்லை. வாசலில் நின்ற ஒருவர் நான் யார் என்று தெரியாமல் அட்டையைக் கொடுத்தார்.

குற்றப்பத்திரிகை சொல்வது இது. டிசம்பர் 28, ஞாயிறு, காலை ஆறு இருபது. ஷாரிக் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் பாளம் ஏற்றிக்கொண்டு தன் சின்ன லாரியில், நாங்கள் குட்டியானை என்போமே அதில், தெற்கே நல்லவாட்டுக்குப் போகிறான். நோணாங்குப்பத்தில் படகுத்துறைக்குத் திரும்பும் இடத்துக்கு அருகே நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம் ஏறி, சைக்கிளில் வந்த பெரியவர் மீது மோதுகிறான். டயர்த் தடம் அப்படித்தான் இருக்கிறது. நேரில் பார்த்தவர் எவருமில்லை. 'இறந்தவரின் மகள் டீக்கடையில் இருந்தார்; சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்' என்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது.

ஷாரிக் விபத்தன்றே என்னிடம் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: "அத்தா, எதுத்தாப்புல ஒரு பொம்பள சைக்கிள்ல வந்துச்சி. என் சைடுலயே. மஞ்சத் தொப்பி. அது மேல ஏறிடக் கூடாதுன்னு ஒடிச்சேன். அந்தப் பெரியவரு எங்கருந்து வந்தாருன்னே தெரியல அத்தா."

நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "வேற யார் பார்த்தது?" என்பது. தொழில் பழக்கம். அதன் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி அவன் பேசவில்லை, என்னிடமும் வேறு யாரிடமும்.

இப்போது அவன் ஜாமீனில் வீட்டில் இருக்கிறான். விசாரணை நாளில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறானாம். "ஒத்துக்கறேன், முடிஞ்சிடும்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஐந்து வருடம் வரை தண்டனைக்கு இடமுண்டு. அவன் மனைவி லமீஸுக்கு இது ஏழாம் மாதம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று காலை அந்தச் சாலையில் வேறொரு பெண் சைக்கிளில் போனதைப் பார்த்தீர்களா? ஆம், இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

பாவா


துலூஸ்
15 பிப்ரவரி

திரு. பாவா,

வேறு எந்தப் பெண்ணையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் கேட்ட சொல் இதுதான்: இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டேன். எனக்குக் கோபம் வருகிறது. பன்னிரண்டு வயது வரைதான் புதுச்சேரியில் படித்தேன். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் பிழை இல்லை.

பப்பா சொல்தாவாக இருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம். எங்கெங்கோ பாலைவனத்தில் குண்டுக்கு நடுவே நின்று திரும்பி வந்தவர். வருடத்தில் ஆறு மாதம் இங்கே என்னோடு, ஆறு மாதம் அங்கே. அவரை ஐஸ் வண்டி கொன்றது. உங்கள் கடிதத்தில் ஐஸ் பாளம் இருக்கிறது, டயர்த் தடம் இருக்கிறது, பக்க எண்கூட இருக்கிறது. 'என் மகன் உங்கள் தகப்பனாரைக் கொன்றுவிட்டான்' என்ற வரி மட்டும் இல்லை.

உங்கள் பெயரை இணையத்தில் தேடினேன். 2011இல் நீங்கள் எழுதிய ஒரு பத்தி கிடைத்தது. கடலூர் சாலையில் ஒரு மில் தொழிலாளி செத்ததைப் பற்றி. 'நம் ஊரில் சைக்கிளில் போகிறவனுக்குச் சாவு. வண்டியில் போகிறவனுக்கு வக்கீல்' என்று முடித்திருக்கிறீர்கள். மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது வக்கீல் பிரேம்குமார் உங்கள் வீட்டில் இருக்கிறார். சாவு எங்கள் வீட்டில்.

உங்கள் மகன் ஒப்புக்கொள்ள நினைத்தால் விடுங்கள். அவனுக்காவது அந்த அளவு மனசு இருக்கிறது. இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஜெனவியேவ்


புதுச்சேரி
23 பிப்ரவரி

மதிப்புக்குரிய ஜெனவியேவ் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். முதலில், விடுபட்ட வரி: என் மகன் ஓட்டிய வண்டி மோதி உங்கள் தகப்பனார் இறந்தார். ஐம்பத்தேழு நாளாக இதை வாயால் சொல்லிப் பார்க்கிறேன். எழுத்தில் வர இன்றுவரை ஆயிற்று.

அந்தப் பத்தியை எழுதியவன் நான்தான். அதைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த மில் தொழிலாளி எந்தப் பக்கம் வந்தார், விளக்கு இருந்ததா, எதையும் நான் விசாரிக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போன் போடுவோம். பெயர், வயது, ஊர் சொல்வார்கள். மீதி வாக்கியம் கை தானாக எழுதும்: 'சைக்கிளில் சென்றவர் மீது அதிவேகமாக வந்த லாரி மோதியது.' அதிவேகம் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. செத்தவர் சைக்கிள்; ஆகவே லாரி அதிவேகம். ஸ்டேஷனிலும் அதே கணக்குதான், பெரிய வண்டி மேல் கேஸ். பெரும்பாலும் அது சரியாகவே இருந்திருக்கும். எத்தனை முறை தப்பாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த லாரிக்காரர் பெயர்கூட இப்போது நினைவில்லை. டிசம்பர் 29 மாலைத்தாளில் ஷாரிக்கைப் பற்றி வந்த செய்தியிலும் அதே வாக்கியம் இருந்தது. எழுதியவர் நான் தொழில் கற்றுக்கொடுத்த ஆள்.

உங்கள் 'இல்லை'யை ஷாரிக்கிடம் சொன்னேன். "சரி அத்தா" என்றான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நோன்புக்கான சஹர் சாப்பாட்டை முடித்துவிட்டு நோணாங்குப்பம் போனேன். ஆறு இருபதுக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றியது. டீக்கடை சாலையின் மேற்கு ஓரம். கடைக்காரர் பெயர் சந்திரகலா. அவர் அடுப்பு சாலைக்கு முதுகு காட்டி இருக்கிறது, சத்தம்தான் கேட்டிருக்கிறார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எம்மாம் கேள்வி கேக்குற பாய். ஒரு டீ சொன்னியா நீ?"

"நோன்பும்மா."

"அப்பன்னா ஓசியில கேளு, கேளு."

"அன்னைக்கி அவங்க ரெண்டு பேரும் சைக்கிள எங்க நிறுத்தினாங்க?"

"கடை முன்னாடிதான். ரெண்டையும். குடிச்சிட்டுப் போயிட்டாங்க, டம்ளர்கூட கழுவல, டமார்னு சத்தம். அந்தப் பொண்ணு பெரியவரு மேல உழுந்து கத்துது. ஆம்புலன்சுல அதுவும் ஏறிப் போயிடுச்சி. அப்புறம் நான்தான் அந்த இன்னொரு சைக்கிள தள்ளிகினு வந்து இங்க வச்சேன்."

"எங்கருந்து தள்ளிகிட்டு வந்தீங்க?"

"அதோ, அந்தாண்ட சைடு. கரண்டு கம்பத்தாண்ட சாஞ்சி கெடந்துச்சி."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சத்தம் கேட்டுச்சான்னாங்க. கேட்டுச்சின்னேன். சைக்கிளப் பத்தி எவன் கேட்டான்?"

அந்தக் கம்பம் சாலையின் கிழக்கு ஓரத்தில், கடையிலிருந்து வடக்கே இருக்கிறது. எட்டு வைத்து அளந்தேன். முப்பத்தொன்று. மறுபடி அளந்தேன்.

அங்கிருந்து, குற்றப்பத்திரிகையில் பெயர் இருந்த சைக்கிள் வாடகைக் கடை அம்மாவாசையிடம் போனேன். டிசம்பர் 28 அன்று உங்கள் தகப்பனார் இரண்டு சைக்கிள் எடுத்திருக்கிறார், எண் 14, எண் 22. இருபத்திரண்டாம் எண் பெண்கள் சைக்கிள். கீறல் இல்லாமல் திரும்பி வந்தது என்றார்.

நான் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. டீக்கடையில் இருந்தவரின் சைக்கிள், சாலைக்கு அந்தப் பக்கம், முப்பத்தொரு எட்டுத் தள்ளி எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பாவா


துலூஸ்
26 பிப்ரவரி

திரு. பாவா,

என் பப்பாவின் ரத்தம் கிடந்த சாலையை எட்டு வைத்து அளந்திருக்கிறீர்கள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

சைக்கிளை யார் வேண்டுமானாலும் நகர்த்தியிருக்கலாம். கூட்டம் கூடியது. யாரோ ஓரமாக வைத்திருப்பார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? என் அண்ணன் அலெக்சி உங்கள் கடிதங்களைப் பார்த்துவிட்டான். ஒரு எழுத்துகூடப் பதில் போடாதே என்கிறான். அவன் வேலைக்குப் போன பிறகு எழுதுகிறேன். அதுவும் ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாவற்றையும் அளக்கிறவர் ஒன்றை அளக்கவில்லை. உங்கள் மகன் எத்தனை வேகத்தில் வந்தான்? இரண்டு கடிதத்திலும் அது இல்லை.

அந்த டீக்கடை அம்மா தொப்பியைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

ஜெனவியேவ்


புதுச்சேரி
4 மார்ச்

மதிப்புக்குரிய ஜெனவியேவ் அவர்களுக்கு,

இரண்டு கேள்விக்கும் பதில்.

சந்திரகலா தொப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்று கேட்க மாட்டேன்.

வேகம். ஷாரிக்கிடம் கேட்டேன். "அம்பத்தஞ்சி இருக்கும்" என்றான். அந்த இடத்தில் பலகை நாற்பது என்கிறது. ஐஸ் கரைந்துகொண்டே போகும்; படகுக்காரர்கள் கடலுக்குப் போகக் காத்திருப்பார்கள்; தாமதமானால் அடுத்த நாள் வேறு வண்டியைக் கூப்பிடுவார்கள். ஐஸ் ஏற்றுகிற எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இது காரணம், நியாயமில்லை. நாற்பதில் வந்திருந்தால் நின்றிருக்கலாம் என்று நினைக்கிறேன். இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்று பிரேம்குமார் சொன்னார். எழுதிவிட்டேன்.

இனி வருவதற்கு வழக்கோடு தொடர்பில்லை. மார்ச் 1, ஞாயிறு, காலை ஏழு மணிக்கு ஷாரிக்கைத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். தூக்கியவர் பலராமன், விசைப்படகுக்காரர், ஷாரிக்கிடம் ஐஸ் வாங்கியவர். பாசி படிந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாக ஷாரிக் சொல்கிறான். பலராமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாய், அந்தப் படி காஞ்சி கெடந்துச்சி" என்றார். இரண்டில் எது உண்மை என்று உறுதி செய்ய எனக்கு வழியில்லை. உறுதி செய்யவும் பயமாக இருக்கிறது. என் வாழ்க்கையில் ஒரு செய்தியை விசாரிக்காமல் விட்டது இது முதல் தடவை என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய் என்று போன கடிதத்திலேயே உங்களிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது முறை போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். என் மனைவி ஜரினா, லமீஸ், நான். மாடிக் கதவைப் பூட்டி லமீஸ் சாவியைத் தாலிக் கருகமணியில் கோத்துக்கொண்டிருக்கிறாள். அவன் நோன்பு வைக்கிறான். திறக்கும் நேரத்தில் ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், அவ்வளவுதான். கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிடுகிறான். ஜரினா நேற்று அழுதாள். "திங்கறதுக்கு என்னடா, அது ஒன்ன என்ன பண்ணிச்சி?" அவன் சொன்னான்: "எனக்கே நம்பிக்க இல்லம்மா. நான் பாத்தது பொம்பளயா, இல்ல பயத்துல நானா நெனச்சிகிட்டனா. யாருமே பாக்கலன்னா அப்ப நான்தான பொய்."

ஜெனவியேவ், அவனை விடுதலை செய்ய வையுங்கள் என்று கேட்கவில்லை. ஐம்பத்தைந்துக்கான தண்டனையை அவன் அனுபவிக்கட்டும். அவன் கண்ணால் பார்த்தது உண்மையா இல்லையா என்பது மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் அவன் 24ஆம் தேதி வரை இருப்பானா என்றே எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ செத்தவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, புகைப்படம் கொடுங்கள் என்று கூசாமல் கேட்டவன் நான். கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

பாவா


துலூஸ்
8 மார்ச்

பாவா ஐயா அவர்களுக்கு,

தொப்பி மஞ்சள்தான். துணித் தொப்பி, பப்பா பாரதி வீதியில் வாங்கிக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

உங்கள் மகனிடம் இதை முதலில் சொல்லுங்கள். மீதியைப் பிறகு படியுங்கள்.

நான் இங்கே ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் சைக்கிள்தான் ஓட்டுகிறேன், வலது பக்கம். அன்று போகும்போது பப்பா முன்னால் போனார், நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். அதனால் ஒரு தப்பும் வரவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது நான் முதலில் ஏறினேன். பப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். சாலை காலியாக இருந்தது. யோசிக்கவே இல்லை. குறுக்கே போய் வலது ஓரத்தைப் பிடித்து மிதித்தேன். சுகமாக இருந்தது. பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

பின்னாலிருந்து பப்பா கத்தினார். "ஜெனி! ஆ கோஷ்! ஆ கோஷ்! இந்தாண்ட வாடி!" இடது பக்கம், இடது பக்கம் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். என்னைத் திருப்பிக்கொண்டு போக அவர் சாலைக்குக் குறுக்கே வந்துகொண்டிருந்தார். ஒரு கையை ஆட்டிக்கொண்டு. முன்னால் திரும்பியபோது வண்டி. கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் மகன் முகத்தைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பார்த்துத்தான் ஒடித்தான். ஒடிக்காமல் இருந்திருந்தால் பப்பா இன்று இருப்பார்.

நீங்கள் அளந்த முப்பத்தொரு எட்டு சரி. கம்பத்தில் சைக்கிளைச் சாய்த்தவள் நான்தான். சாய்த்துவிட்டுத்தான் ஓடினேன். அந்த நேரத்தில் சைக்கிளை ஒழுங்காகச் சாய்த்திருக்கிறேன், ஐயா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது, செய்தி கேட்டு ஓடி வந்திருந்த என் சித்தப்பா முந்திக்கொண்டு, "அது கடையிலதான் சார் இருந்துச்சி, ஒண்ணும் பாக்கல" என்றார். என்னைக் காப்பாற்ற அல்ல. அவர் அப்படித்தான் நினைத்தார். நான் தலையாட்டினேன். அப்போது பப்பா உயிரோடு இருந்தார். மத்தியானம் போய்விட்டார். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து வண்டிக்காரனைத் திட்டினார்கள். திட்டத் திட்ட எனக்கும் அது உண்மை போல ஆகிவிட்டது. உங்களுக்கு முதல் கடிதம் எழுதியபோது என் கோபம் நடிப்பில்லை. அதுதான் பயங்கரம்.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்க வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன். ஜனவரியிலிருந்து நான் சைக்கிள் தொடுவதில்லை. வேலைக்கு ஒரு மணி நேரம் நடக்கிறேன். இங்கே சைக்கிளில் போகிற யாரைப் பார்த்தாலும் 'ஆ கோஷ்' என்று கத்த வேண்டும் போல இருக்கிறது.

அலெக்சிக்கு நேற்று சொன்னேன். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை.

நான் வருகிறேன். மார்ச் 20ஆம் தேதி விமானத்துக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். 21 காலை சென்னை. 24ஆம் தேதி கோர்ட்டில் நின்று இதைச் சொல்கிறேன். தண்ணீர்ப் பக்கம் அவனை விடாதீர்கள்.

ஜெனவியேவ்


புதுச்சேரி
12 மார்ச்

அன்புள்ள ஜெனவியேவ்,

உங்கள் கடிதத்தை ஒன்பதாம் தேதி காலையில் படித்தேன். நீங்கள் சொன்னபடி முதல் வரியைப் படித்ததும் எழுந்து போய் ஷாரிக்கிடம் சொன்னேன். "தொப்பி மஞ்சள்தானாம்." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "யாரு சொன்னது?" என்றான். கேட்க வேண்டிய கேள்விதான். கைப்பேசியை அவனிடமே கொடுத்தேன். படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு, "இருந்தாங்கல்ல? அத்தா, இருந்தாங்கல்ல?" என்று இரண்டு முறை கேட்டான். இருந்தாங்கடா என்றேன். அன்று நோன்பு திறந்தபோது கஞ்சி குடித்தான். லமீஸ் சாவியை இன்னும் கழற்றவில்லை.

நான் இதோடு நிறுத்தினால் நீங்கள் விமானம் ஏறுவீர்கள். அதனால்தான் நிறுத்த முடியவில்லை.

உங்கள் கடிதத்தோடு பிரேம்குமாரைப் பார்த்தேன். அவர் சொன்னது: நீங்கள் சாட்சி சொன்னால் ஷாரிக் மீதுள்ள வழக்கு இல்லாமல் போகாது, வேறு மாதிரி ஆகும்; வேகம் இருக்கிறது, முழு விடுதலை நிச்சயமில்லை. ஆனால் உங்கள் மீது புதிதாக வழக்கு வர வாய்ப்புண்டு. தவறான பக்கம் ஓட்டியதற்கு, போலீஸிடம் தவறான தகவல் சொன்னதற்கு. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம். எத்தனை மாதம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. "வந்த பிறகு சொல்லிக்கலாம் பாய், முன்னாடியே சொன்னா யாரு வருவா?" என்றார். அவர் கெட்டவரில்லை, என் பக்கம் நிற்கிறார். தெரிந்த தகவலை மறைத்து ஒருவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற என்னால் ஆகாது. உங்கள் தகப்பனார் உங்களைத் திருப்பிக்கொண்டு போகத்தான் சாலையில் இறங்கினார். நானும் என் மகனுக்காகத்தான் இறங்கியிருக்கிறேன். அதற்காக உங்களை வண்டிக்கு முன்னால் தள்ள முடியாது.

இன்னொன்று. இதை எழுதச் சொன்னவன் ஷாரிக். நேற்று மாலை சொன்னான், அப்படியே எழுதுகிறேன்: "அவங்கள வர வாணாம்னு எழுதுங்க அத்தா. இருந்தாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சி, போதும். அவங்க அப்பாவையும் எடுத்துட்டு அவங்களையும் கூண்டுல ஏத்தணுமா? நான் ஒத்துக்கறேன். அம்பத்தஞ்சில போனது நான்தான." ஜரினா அவனை அடிக்கக் கை ஓங்கினாள். லமீஸ் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன். எழுதிவிட்டேன். இதற்கு நான் உடன்படவில்லை என்பதையும் எழுதுகிறேன். நீங்கள் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். வராவிட்டால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன் என்று எழுத ஆசைதான். அது என்னால் முடியுமா என்று இப்போது தெரியவில்லை.

யார் மேல் தப்பு என்று யாராவது கேட்டு, மாலைக்குள் நாலு வரி கொடு என்றால் முன்பெல்லாம் பத்து நிமிடம் போதும். இப்போது முதல் வரியே வரவில்லை.

நிலுவையில் இருப்பவை. நீங்கள் வருவதா இல்லையா என்பது. பதில் 18ஆம் தேதி புதன்கிழமைக்குள் கிடைத்தால் மறுநாள் பிரேம்குமார் உங்களைச் சாட்சியாகச் சேர்க்க மனுப் போடுவார். பெருநாள் இருபதா இருபத்தொன்றா என்பது பிறையைப் பொறுத்தது. வருவதாக இருந்தால், எதுவானாலும் 21 அன்று எங்கள் வீட்டில் சாப்பிடலாம், ஷாரிக்கும் இருப்பான். லமீஸுக்கு ஏப்ரல் இரண்டாம் வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். 24ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு நீதிபதி ஷாரிக்கின் பெயரைக் கூப்பிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார். ஒத்துக்கறேன் என்றுதான் இன்றும் சொல்கிறான்; ஆனாலும் வாய் திறக்கும் வரை என்ன சொல்வான் என்று அவனுக்கே தெரியாது.

பாவா